நாற்பது செடிக்கும் கவ்வாத்து

மாத்தளை டவுனில் நான் தோட்டவேலை பார்க்கும் ஹோட்டலுக்குள் நுழைந்தால் முதலில் தெரிவது காடுதான். தூண்களை மரத்தண்டு மாதிரி வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஏழு மாடியிலிருந்தும் கொடிகள் தொங்குகின்றன. ஒரு பலாமரத்துக்காகக் கூரையில் வட்டமாக ஓட்டை விட்டிருக்கிறார்கள். காலை பத்து மணிக்கு மெஷின் போட்டுப் பனிமூட்டம் விடுவார்கள். ரிவர்ஸ்டன் மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எனக்கு நாற்பத்தைந்து வருடம் சும்மா கிடைத்த பனியை, இங்கே தங்க வருகிறவர்கள் கைதட்டி வரவேற்கிறார்கள். பறவைச் சத்தத்துக்கு ஸ்பீக்கர் இருக்கிறது. நிஜ மைனா உள்ளே வந்துவிட்டால் விரட்டுவதற்கு நான் இருக்கிறேன்.

என் மனைவிக்கு இழுப்பு. பனி ஆகாது என்றுதான் மலையை விட்டு இறங்கினோம். டவுனில் ஒரு அறை எடுத்தோம், மகளை இங்கேயே பள்ளிக்கூடத்தில் ஏ.எல். வகுப்பில் சேர்த்தோம். ஹோட்டலில் ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்றார்கள். மூன்றாவது மாதம் மனைவி போய்விட்டாள். கடைசி இரண்டு நாளும் என் தோளைப் பிடித்து உட்கார்ந்தபடியே மூச்சுக்காகப் போராடினாள்.

நான் அழவில்லை. அடக்கிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன், வரவில்லை, அவ்வளவுதான். எட்டாம் நாள் வேலைக்குப் போனேன். சோறு போட்டால் தின்றேன். "மனுசனா, கல்லா?" என்று அவளுடைய அக்கா என் காதுபடவே கேட்டாள். நான் முன்கோபக்காரன், கங்காணியோடு மல்லுக்கட்டியே பாதி வயதைக் கழித்தவன். அன்றைக்குக் கோபம்கூட எட்டிப் பார்க்கவில்லை. மகளும் அழாமல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிள்ளைக்குத் தைரியம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹோட்டலின் நடுமுற்றத்தில் நாற்பது தேயிலைச் செடிகள் உண்டு. எங்கோ ஒரு மலையிலிருந்து வேரோடு பெயர்த்து லொறியில் கொண்டுவந்து, வளைந்து வளைந்து போகும் வேலியாக வைத்திருந்தார்கள். ஐந்தாவது மாதம், ஒரு வியாழக்கிழமை காலை மெனேஜர் என்னைக் கூப்பிட்டார். சிங்களவர், என்னைவிட இளையவர். அதனால் என்னை 'ஐயே' என்று சிங்களத்தில் அண்ணனாக்கிக்கொள்வார். தமிழ் பேசிப் பார்ப்பதில் அவருக்கு ஆசை.

"ஐயே, ஞாயித்துக்கெழம பெரிய கல்யாணம் இருக்கு. இந்தத் தேயிலை எல்லாம் கவ்வாத்து பண்ணணும்."

"கவ்வாத்தா சேர்?"

"ஆமா, கவ்வாத்துதான். நல்லா பண்ணுங்க." சொல்லிவிட்டுக் கண்டிக்கு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார்.

கத்தரிக்கோலால் நுனியைச் சீராக்குவதற்குப் பெயர் கவ்வாத்து என்று அவர் எங்கேயோ பிடித்து வைத்திருக்கிறார். தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். முழங்கால் உயரத்துக்குச் செடியை வெட்டி, இலையெல்லாம் போக்கி, வெறும் குச்சியாக நிறுத்துவது. இருபது வருடம் அதைச் செய்தவன் நான். வேறு சமயமாக இருந்தால், 'கல்யாணத்துக்கு முந்தியா சேர்?' என்று கட்டாயம் கேட்டிருப்பேன். அன்றைக்கு அறைக்குப் போய்ப் பழைய கவ்வாத்துக் கத்தியை எடுத்துவந்து தீட்டினேன். மத்தியானத்துக்குள் நாற்பதும் முடிந்தது.

மூன்று மணிக்கு வந்த மெனேஜர் முற்றத்து வாசலிலேயே நின்றுவிட்டார். சுற்றிலும் ஏழு மாடிப் பச்சை, நடுவில் நாற்பது மொட்டைக் குச்சி. ஒவ்வொரு செடியிலும் ஒரே ஒரு கொப்பு மட்டும் இலையோடு நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன ஐயே இது? என் வேலையும் போச்சு, உங்க வேலையும் போச்சு!"

"நீங்கதான் கவ்வாத்துன்னு சொன்னீங்க, சேர்."

கொஞ்ச நேரம் சிங்களத்தில் கத்தினார். எனக்கு எல்லாம் புரிந்தது, ஒன்றும் உறைக்கவில்லை. வேலை போனால் தோட்டத்து லயத்து வீட்டுக்கே திரும்ப வேண்டும், மகளின் படிப்பு அதோடு சரி. அதுவும் யார் வீட்டுச் சங்கதியோ போலத்தான் இருந்தது. பிறகு அந்தக் கொப்புகளைக் காட்டினார்.

"இந்த நீட்டிக்கிட்டு இருக்கிறதையும் வெட்டுங்க. ஒரே மட்டமா இருக்கட்டும். மேல பூச்சாடி வச்சு மூடிடலாம்."

"அத வெட்டக்கூடாது சேர்."

"வெட்டாட்டி நாளைக்கு வர வேணாம்."

"செத்துப்போகும் சேர். எலையெல்லாம் போனா செடிக்கு வேற வழியில்ல. ஒரு கொப்பு விடணும். அது மூச்சு..."

விடுறதுக்கு என்று சொல்ல வந்தேன். வாய் அந்தச் சொல்லில் நின்றுவிட்டது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு, அந்தக் குச்சிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன். பெட்டியோடு வந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள். மெனேஜர் எனக்காக ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். "சரி, விடுங்க, துளிர்க்குதான்னு பாப்போம். துளிர்க்காட்டி நான் ஒண்ணும் செய்ய ஏலாது" என்றார்.

ஆறாவது வாரம் துளிர்த்தது, வேலையும் தப்பியது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அறைக்குத் திரும்பும்போது எனக்கு அது தெரியாது. மகளிடம் சொல்லித்தானே ஆக வேண்டும்? வேலை போனாலும் போகும் என்றேன். செடியை வெட்டியதையும், எல்லார் முன்னாலும் அழுததையும் சொன்னேன்.

அவள் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை.

"அம்மாவுக்காகவா அழுதீங்க?"

"ஆமா."

புத்தகத்தை மூடினாள்.

"நீங்க அழாம நான் எப்படிப்பா அழுவுறதுன்னு இருந்தேன்" என்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.