அழைப்பவர் பெயர்

விஜயலக்ஷ்மி பென்சிலால் கல்யாணக் கார்டு புரூஃபின் முதல் வரியை அடித்தாள். கோடு அழுத்தமாக விழுந்தது.

"இன்னாம்மா, அழைக்கிற ஆளையே அடிச்சிட்டீங்க. மேல ஆளே இல்லாம கல்யாணமா?" என்றார் மாணிக்கவாசகம். தி.நகரில் சின்ன அச்சகம் அவருடையது.

அடிபட்ட பெயர் சுவாமிநாதன். அவள் கணவருக்கு அண்ணா. அவள் மகள் ஹம்ஸாவின் கல்யாணத்துக்குத் தமிழ்ப் பத்திரிகை அவர் பெயரில், அவர் மனைவியான மன்னியின் பெயரோடு, முன்பே அச்சாகிவிட்டது. ஆபீஸில் கொடுக்க ஆங்கிலக் கார்டு தனியாக. மாணிக்கவாசகம் அதே பெயர்களை இதற்கும் மேலே வைத்துப் புரூஃப் எடுத்திருந்தார். கணவனை இழந்தவள் அழைப்பதாக அவர் இதுவரை எதுவும் அச்சடித்ததில்லை.

அடித்த இடத்தில் தன் பெயரை எழுதினாள். கீழே 'ரிக்வெஸ்ட் த பிளெஷர் ஆஃப் யுவர் கம்பெனி' என்று இருந்தது. அழைப்பது இப்போது ஒருவர்தான். முதல் சொல்லோடு ஓர் 'எஸ்' சேர்த்தாள்.

"சுவாமிநாதன் சாரு எதுனா கேட்டா உங்களத்தான் கை காட்டுவேன்."

"காட்டுங்கோ."

கணவர் ராமசேஷன் இறந்த பிறகு அவருடைய ஆபீஸிலேயே கிடைத்த டைப்பிஸ்ட் வேலை அவளுக்கு. கிளை திறப்பு, அதிகாரி வீட்டு வரவேற்பு, எதற்கும் அழைப்பை அவள்தான் டைப் அடிப்பாள். 'ரிக்வெஸ்ட்' என்ற அந்த வாக்கியத்துக்கு மேலே வரும் பெயர், வருகிறவர்களை வாசலில் நின்று பார்க்கப் போகிறவருடையது. வராதவரை மறுநாள் ஏன் என்று கேட்கக்கூடியவர். சுவாமிநாதனுக்கு அவள் ஆபீஸில் ஒருவரையும் தெரியாது.

அன்று மாலை மயிலாப்பூரில் அவள் வீட்டில் சுவாமிநாதன் புரூஃபைப் பார்த்தார்.

"உன் ஆபீஸ்காரா வேற கல்யாணத்துக்கா வரா?"

"இதே கல்யாணம்தான் அண்ணா. அவாளை நான்தானே கூப்பிடறேன்?"

"உங்காத்துல ஆம்பளையே இல்லையான்னு நாலு பேர் என்னைக் கேப்பா."

"அந்த நாலு பேருக்கு இந்தக் கார்டு போகலை."

"அப்போ தாரையும் நீயே வார்த்துடு."

அவளால் முடியாது என்பது இருவருக்கும் தெரியும். பெண்ணைத் தாரை வார்க்கத் தம்பதி வேண்டும். அவர் மறுத்தால் வேறொரு தம்பதியைத் தேட வேண்டும்; மாப்பிள்ளை வீட்டில் காரணம் கேட்பார்கள். சமையலறையில் ஹம்ஸா பாத்திரம் தேய்ப்பது நின்றது.

"தாரை வார்க்க உங்களைத்தான் கேக்கணும். கேட்டுண்டுதான் இருக்கேன்" என்றாள் விஜயலக்ஷ்மி. "என் ஆபீஸ்காராளைக் கூப்பிட யாரையும் கேக்க வேண்டாம்."

சுவாமிநாதன் புரூஃபை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"எத்தனை அடிக்கறே?"

"நூறு."

"நம்ம மனுஷா கைல ஒண்ணு கெடச்சுதோ, நான் மண்டபத்துப் பக்கமே வரமாட்டேன்."

"நூறையும் ஆபீஸ்ல நானே கொடுத்துடறேன்."

மறுநாள் ஆபீஸுக்குப் போகும் வழியில் புரூஃபை அச்சகத்தில் கொடுத்தாள். சாயங்காலம் கார்டுகள் தயாராக இருந்தன. வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். வீட்டில் மன்னி உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகைகளின் மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். ஆங்கிலக் கார்டுகளைக் கேட்கவில்லை. விஜயலக்ஷ்மி அவற்றை ஆபீஸுக்கு எடுத்துப்போகக் கைப்பையிலேயே விட்டுவிட்டுக் குக்கர் வைத்தாள்.