பத்தாவது கட்டை

பெங்களூர் மாலில் இருந்த, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் கூடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்தது ஹெச்.ஆர். மேலாளரும் நிரந்தரத் தொழிலாளர்களும், டிரெய்னியான நானும். காண்ட்ராக்ட் ஆட்கள் வரவில்லை. ஓசூர் ஆலையில் எங்கள் வேலையையும் சேர்த்து அவர்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேலாளர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சரித்திரம் சொன்னார்.

"அமெரிக்காவுல முன்ன ஒன்பது கட்டைதான். சூதாட்டம்னு சட்டம் போட்டுத் தடுத்தாங்க. இவனுங்க பத்தாவதா ஒரு கட்டைய நிறுத்தி, இது வேற ஆட்டம்னுட்டானுங்க. மூளையப் பாத்தீங்களா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்ம கம்பெனியும் அதானே சார் பண்ணுது? காண்ட்ராக்ட் ஆளுங்க பர்மனென்ட் கேக்குற நேரத்துல ஏஜென்சி பேர மாத்தி, அதே ஆளப் புது ஆளுன்னு எழுதிக்கிறீங்க."

மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி ரொம்பப் படிச்சிட்டாரு. இன்னும் ஒரு வருஷம் டிரெய்னியாவே இருந்து மிச்சத்தையும் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மேலாளர் பந்தை உருட்டினார். அது ஓரப் பள்ளத்தில் விழுந்து ஓடியது. யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். என் நிரந்தரச் சம்பளத்தை நம்பித்தான் அப்பா உத்தனப்பள்ளி நிலத்தில் போர் போட்டிருந்தார். மேலாளர் சொன்னபடியே செய்தார். அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வராமல் போன பணம் ஒரு லட்சத்து எட்டாயிரம் ரூபாய்.