கேட் திறக்கக் கூடாத நான்கு விநாடி

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஒருவேளை அக்கா’ என்று பெயர். வாயைத் திறந்தால் முதலில் வரும் சொல் அதுதான். அவள் இதற்காக யாரிடமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை.

ரயில்வே கேட்டுகளை இயக்கும் மென்பொருளைச் செய்யும் நிறுவனம் அது. மற்றவர்கள் நிரல் எழுதுவார்கள். அவள் கணக்கு எழுதுவாள். ரயில் எங்கெங்கே இருக்கலாம், கேட் எப்படியெல்லாம் இருக்கலாம் என்பதைக் கணிதக் குறிகளில் எழுதி, ‘ரயில் வரும்போது கேட் திறக்காது’ என்று நிரூபிக்க வேண்டும். நடக்கக்கூடிய எல்லா வரிசைகளையும் ஒன்றுவிடாமல் துருவிப் பார்க்க ஒரு கருவியும் வைத்திருந்தாள்.

“நாள் முழுக்க அங்க என்னம்மா பண்றே?” என்று மாமியார் ஒருமுறை கேட்டார்.

“விபத்து நடக்காதுன்னு நிரூபிக்கிறேன் அத்தை.”

“அதான் நடக்கலையே,” என்று சொல்லிவிட்டு மாமியார் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

புது மென்பொருளைப் பொருத்த எட்டு நாள் இருக்கும்போது, கருவி ஒன்பது படிகள் கொண்ட ஒரு வரிசையைத் துப்பியது. ஒன்பதாவது படியில் ரயிலும் வந்தது, கேட்டும் திறந்தது.

அவள் அதை அச்செடுத்து மேலாளரிடம் கொண்டுபோனாள். “சரக்கு வண்டி கேட் எல்லைக்குள்ள பாதி தூரம் வந்துட்டு பின்னால போகுது சார். ரயில் இன்னும் உள்ளதான் இருக்குன்னு நம்ம நிரல் நினைச்சுக்குது. அந்தப் பதிவை அழிக்க கேட்கீப்பர் ரீசெட் பட்டனை அமுக்குறார். ஒருவேளை அடுத்த தண்டவாளத்துல இன்னொரு ரயில் வந்தா, அதைப் பதிவு பண்ண நாலு விநாடி ஆகும். அந்த நாலு விநாடிக்குள்ள அமுக்கிட்டா அந்த ரயிலோட பதிவும் அழிஞ்சுபோயி கேட் திறந்துடும்.”

மேலாளர் ஒன்பது படிகளையும் விரல் விட்டு எண்ணினார். “சரியா நாலு விநாடிக்குள்ள எவன்மா அமுக்குவான்?”

“அமுக்குவாங்கன்னு நான் சொல்லல சார். அமுக்க முடியும்னு சொல்றேன்.”

மேலாளர் பெருமூச்சு விட்டார். மறுநாள் இருவரும் ஒரு கேட்டுக்குப் போனார்கள். ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, பழைய பட்டன் பெட்டி. அறையில் வேறொன்றும் இல்லை. கேட்கீப்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை நிதானமாகப் படித்தார்.

“யாரு இதை உங்ககிட்ட சொன்னது? பக்கத்துல நின்னு பாத்த மாதிரியே எழுதியிருக்கு.”

“கணக்குல வந்துச்சு,” என்றாள்.

“வண்டி பின்னால போறது வாரத்துக்கு ரெண்டு தடவை நடக்கும். ஆனா பட்டனை ஒரு தடவைன்னு போட்டிருக்கீங்க, அது தப்பு. கேட் ஏறுற வரைக்கும் விடாம அமுக்கிட்டே இருப்பேன். ரெண்டு பக்கமும் ரோட்டுல நிக்கிறவனுங்க ஹார்ன் அடிச்சே கொன்னுடுவானுங்க.”

திரும்பும் வழியில் மேலாளர் அந்தத் தாளை மறுபடி வாங்கிப் படித்தார். பிறகு, “எத்தனை நாள் வேணும்?” என்றார்.

ஆறு வாரம் ஆனது. நிரலில் மாறியது மூன்றே வரி. ரீசெட் இனி ஒரு தண்டவாளத்தை மட்டும் தொடும். மற்றதில் ரயில் இல்லை என்று உறுதியான பிறகே கேட் ஏறும். முதல் திருத்தத்தில் கருவி பதினான்கு படி வரிசையைக் காட்டியது. இரண்டாவதில் கேட் ஒருபோதும் திறக்காது என்று நிரூபணமானது. அதுவும் பாதுகாப்புதானே என்று மேலாளர் கேட்டுப் பார்த்தார். மூன்றாவது திருத்தத்தில் கருவியால் ஒரு தப்பும் காட்ட முடியவில்லை. அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

பொருத்திய பத்தாம் நாள் கேட்கீப்பரிடமிருந்து போன் வந்தது. குரலில் காரம்.

“அம்மா, உங்க புது மிஷின் சரியில்ல. இருபது தடவை அமுக்கிட்டேன், கேட் ஏற மாட்டேங்குது.”

“சரக்கு வண்டி போயிடுச்சா?”

“அது பின்னாலயே போயிடுச்சும்மா.”

“அடுத்த தண்டவாளம்?”

போனில் ஹார்ன்கள் அலறின. அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஹார்ன்களை அமுக்கிக்கொண்டு ஒரு ரயில் தடதடவென்று போனது. வெகுநேரம் போனது.

“இப்ப ஏறிடுச்சு,” என்று சொல்லிவிட்டுக் கேட்கீப்பர் போனை வைத்தார்.