பட்டதாரியின் மூக்கு

பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட்டுக்கொள்வது எங்கள் தெருவில் வழக்கம். கடைப் பலகையில் எழுதுவார்கள், கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்பார்கள். அறுபதுகளின் கடைசியில் நான் கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் புறப்பட்டபோது அப்பா என் தகரப்பெட்டியிலும் எழுதவைத்தார். வெள்ளைப் பெயின்ட். முப்பதடி தள்ளி நின்றே படிக்கலாம்.

சார்ஜண்ட் படித்துவிட்டார். மலாயாக் காடுகளில் பல வருடம் சண்டை போட்ட தமிழர். ஒரு காது பாதிதான் மிச்சம்.

“பி.ஏ.வா? என்ன படிச்சீங்க?”

“வரலாறு, சார்.”

“அதுல சண்டையெல்லாம் வருமா?”

“நெறைய வரும் சார்.”

“அப்ப பழக்கம்தான்,” என்று வயிற்றில் ஒரு குத்து விட்டார். காலையில் தின்ற ரொட்டி அவர் பூட்ஸ்மேல் வந்து விழுந்தது. துடைத்ததும் நான்தான்.

நாங்கள் படுத்த கூடத்திலிருந்து ஒருவரைத்தான் அதிகாரிப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். எனக்கு அதில் ஆசையில்லை. பயிற்சி முடிந்ததும் ஓர் அரசாங்க நாற்காலி போதும். பக்கத்துக் கட்டில்காரனுக்குத்தான் ஆசை. தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வெட்டியவன், ஆறாம் வகுப்போடு நின்றவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவான். காட்டில் நாங்கள் வழி தவறினால் அவன் பின்னால்தான் நடப்போம்.

“இனி கறிக்கடைக்குப் போறதா இல்ல லா,” என்பான். “இங்கயே ஆபிசராயிருவேன்.”

ஆள் தேர்வுக்கு முந்தைய நாள் குத்துச்சண்டை. சார்ஜண்ட் வேண்டுமென்றே எங்கள் இருவரையும் இறக்கினார். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற முகத்தோடு நின்றேன். முதல் குத்தில் மூக்கெலும்பு முறியும் சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவதில் ஒரு பல் போனது. விழுந்த என்னை சார்ஜண்ட் பனியனைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

“போதும் சார், செத்துருவான்,” என்றான் அவன்.

“பட்டதாரி அவ்வளவு சீக்கிரம் சாகமாட்டான். அடி.”

அடித்தான்.

மறுநாள் கேப்டனிடம் சார்ஜண்ட் சொன்னது அவன் பெயரைத்தான். கேப்டன் படிவத்தைப் பார்த்தார்; படிப்பு என்ற கட்டத்தைப் பார்த்தார்; என் மூக்கைப் பார்க்கவில்லை.

“பட்டதாரியே போகட்டும். நீ ஏதாவது சொல்லணுமா?”

அவனே தகுதியானவன் என்று சொல்லியிருக்கலாம். அதிகாரியாக முடித்தால் அரசாங்க நாற்காலி கொஞ்சம் உயரமாகக் கிடைக்குமே என்று அந்த நொடியில் தோன்றித் தொலைத்தது. “நன்றி சார்,” என்றேன். அத்தனை வீங்கிய உதட்டிலிருந்து அது தெளிவாகவே வந்தது.

செய்தி எனக்கு முன்பே திடலுக்குப் போயிருந்தது. துப்பாக்கி முனையில் கத்தி செருகி, வைக்கோல் பொம்மையைக் குத்திக்கொண்டிருந்தான் அவன். பொம்மையின் வயிறு கிழிந்து உள்ளே கட்டை தெரிந்தது.

“நேத்து மெதுவாத்தான் குத்துனேன் மச்சான்,” என்றான், திரும்பாமல். “உங்க வீட்ல பயந்துருவாங்கன்னு.”

 துப்பாக்கியை என் நெஞ்சில் மோதிக் கொடுத்தான். “ஆபிசருக்கு இது தெரியணும். குத்து.”

குத்தினேன். கத்தி கட்டையில் சிக்கிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. அவன் என்னை மண்ணில் விழத் தள்ளி, பொம்மையை மிதித்துக் கத்தியைப் பிடுங்கினான். துப்பாக்கியை என் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனான்.