புளி போட்டுத் தேய்த்த பிஸ்டன்

இன்று பட்டறையிலிருந்து வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஓட்டும் பஸ்ஸுக்கு முதலாளி புது பிஸ்டன் வாங்கியிருக்கிறார். பழைய இரும்பு பிஸ்டனைவிட அலுமினியம் லேசு. ஆரியங்காவு மலை ஏற்றத்தில் எதிர் கம்பெனி பஸ்ஸை முந்திவிடலாம் என்று நினைப்பு. சாமி முன்னால் வைத்து எடுக்க வீட்டுக்குக் கொண்டுபோன பெட்டியை இன்று காலை பட்டறையில் திறந்தார். ஆறு பிஸ்டனும் பூஜைப் பாத்திரம் போல மின்னின.

மெக்கானிக் மீரான் அண்ணாச்சியின் முகம் செத்துப்போனது. "மொதலாளி, இதுமேல மங்கலா ஒரு பூச்சு இருந்திருக்குமே?"

"அழுக்கால்லா இருந்துச்சு. சாமி முன்னால அப்படியே வைக்க முடியுமா? புளியும் செங்கல்பொடியும் போட்டு நானே தேச்சேன்."

"அது அழுக்கு இல்ல, ஈயம். புது பிஸ்டன் சிலிண்டர்ல ஓடிப் பழகுத வரைக்கும் அந்தப் பூச்சுதான் காப்பு. அது இல்லாம சூடேறுனா சிலிண்டரோட அப்படியே பிடிச்சுக்கிடும்."

ஏற்றத்தில் எஞ்சின் பிடித்து நின்றால், பிரேக்கும் தாங்காமல் முப்பது பேரோடு வண்டி பின்னால் உருளும். வளைவுக்குக் கீழே பள்ளம்.

"வேற செட்டு வார வரைக்கும் பொறுப்போமே" என்றேன்.

"குற்றாலத்துல சாரல் விழுந்தாச்சு, கூட்டம் வருது. மீரான், நீரு மாட்டும்வே. ஏலே, நீ பயப்படாத, மொத ட்ரிப்புக்கு நானும் வாரேன்."

கொஞ்சம் தெம்பு வந்தது. "அப்ப முன் சீட்டுல இருங்க மொதலாளி."

"இல்லலே. நீ முந்துதியான்னு பாக்கணும்லா? நான் எதிர் கம்பெனி பஸ்ல வாரேன்."

நாளை காலை மலையேறுகிறவர்களே, நீங்கள் எந்த பஸ்?