எட்டாத காது

போன திங்கட்கிழமை என் மகன் குமரன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டான். ‘ஊரில் எல்லாப் பிள்ளையும்தான் சேருகிறது, இதைப் போய் எழுதுவாளா ஒருத்தி?’ என்கிறீர்களா? எழுதுவேன். ஒரு வருஷமாக நெஞ்சை அடைத்தது இப்போதுதான் இறங்கியிருக்கிறது!

குமரன் குண்டுப் பையன். கைக்குழந்தையாக இருந்தபோது பாகூர் பஸ்ஸில் ஏறினால் போதும், மடிக்கு மடி மாறிவிடுவான். “இன்னாம்மா குடுத்து வளக்கற? பால் பவுடர் டப்பா மேல இருக்கற கொழந்தையாட்டம் இருக்கானே!” என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். எனக்குப் பெருமை தாங்காது. நாலு வயது தாண்டியதும் அதே கன்னம், அதே கை... “இன்னாடா பூசணிக்கா!” என்றாகிவிட்டது.

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப்போனேன். வயதுக்கு அத்தாட்சி இல்லை. பாகூரில் பிறந்திருந்தால் ‘மேரி’யில் பதிந்திருப்பார்கள் — பிரெஞ்சுக்காரன் போனபிறகும் கம்யூன் ஆபீஸ் எங்களுக்கு மேரிதான். இவன் பிறந்ததோ கடலூர்ப் பக்கம், என் அம்மா வீட்டில். யாரும் பதியவில்லை.

அப்புறம் என்ன, வழக்கமான பரீட்சைதான். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். குமரனுக்குக் கை கொழுகொழு, தலையும் பெரிசு. எக்கிப் பார்த்தான், எட்டவில்லை.

“வயசு பத்தாதும்மா. அடுத்த வருஷம் இட்டுக்கினு வாங்க” என்றுவிட்டார் ஹெட்மாஸ்டர்.

பின்னாலேயே நின்றான் என் நாத்தனார் மகன் ரவி. குமரனைவிட ஆறு மாதம் சின்னவன், ஈர்க்குச்சி உடம்பு. லபக்கென்று காதைப் பிடித்தான். உள்ளே போய்விட்டான்!

அன்றிலிருந்து தெருவில் குமரனுக்குப் பெயர் ‘எட்டாத காது’. பிள்ளை மாறிப்போனான். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து காதை இழுத்து இழுத்துப் புண்ணாக்கினான். யார் எதிரிலும் சாப்பிடமாட்டான், சிரிக்கமாட்டான். ஒருநாள் ரவியின் தோளைக் கடித்தே விட்டான்.

“குண்டுப் பசங்களுக்கே கோவம் ஜாஸ்தி அண்ணி” என்றாள் நாத்தனார்.

கோபம் சதையிலா இருக்கிறது? ஊர் வாயிலிருந்துதானே வந்தது! எனக்குப் பயமாகிவிட்டது. இந்த வருஷமும் திருப்பி அனுப்பினால் இவன் வீட்டைவிட்டே வெளியே வரமாட்டானே... வேண்டாத தெய்வமில்லை.

திங்கட்கிழமை அதே ஹெட்மாஸ்டர். “கையத் தூக்கு.”

தூக்கினான். ஒரு வருஷத்தில் கை வளர்ந்திருந்தது, சதையும் கூடவே வளர்ந்திருந்தது. காதுக்கும் விரலுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. பாழாய்ப்போன இடைவெளி!

வகுப்பு ஜன்னலிலிருந்து ரவி கத்தினான்: “அவனுக்கு எட்டாது சார்!”

அவ்வளவுதான். வருஷம் பூராவும் உதட்டை இறுக்கி வைத்திருந்தவன், “எட்டும்டா!” என்று வாயை முழுசாகத் திறந்து கத்தினான். நான் பதறிப்போய் அவன் வாயைப் பொத்தப் போனேன்.

“இரும்மா, இரும்மா!” ஹெட்மாஸ்டர் குனிந்து பார்த்தார். “டேய், முன்பல்லு ரெண்டும் எங்கடா?”

“பொங்கலுக்கே வுழுந்துடுச்சி சார்.”

“பல்லு வுழுந்தா ஆறு வயசுடா! காது கெடக்குது வுடு. உள்ள போய் ஒக்காரு!”

அந்தப் பற்களைக் கூரைமேல் வீசியவளே நான்தான். எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்! எந்தக் கோபத்துக்காக வருஷம் முழுக்க அவனைத் திட்டினேனோ, அதுதான் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது. வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷ அழுகைதான், கவலைப்படாதீர்கள்.

அன்று சாயங்காலம் குமரன் நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு, எல்லார் எதிரிலும் சாப்பிட்டான். “யம்மா, இன்னும் கொஞ்சம் கொழம்பு!” என்று ஓட்டைப் பல்லோடு சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று தெரியுமா?

எந்த அளவுகோலை நீட்டினாலும் அதில் குறைவாக நிற்க ஒரு பிள்ளை இருக்கத்தான் செய்கிறது போலிருக்கிறது. நேற்று நாத்தனார் ஓடி வந்தாள்...

“அண்ணி, எங்க ரவிக்கு இன்னும் ஒரு பல்லுகூட ஆடல. காத்தாலேருந்து முன்பல்லப் புடிச்சி இழுத்துக்கினே இருக்கான்!”