அம்மனைக் குளிப்பாட்டியவர்கள்

என் சித்தப்பா ஆங்கிலேயரைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஒன்பது வயது. அதற்கு முன்பும் அவர்கள் உலகத்தில் இருந்தார்கள்தான். ஆனால் அவர்களால் எனக்கு ஒரு தொந்தரவும் இருக்கவில்லை.

சித்தப்பா டென்மார்க்கில், சில்க்போர்க் நகரில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் இருந்தார். ஜன்னல் தொழிற்சாலையில் வேலை. வினையைத் தொடக்கி வைத்தவர் லண்டனில் இருந்த பெரியப்பா. தொலைபேசி எடுக்கும்போதெல்லாம், "டென்மார்க்கில என்னடா கிடக்கு? குளிரும் மாடும்தானே. இஞ்ச வா, இதெல்லோ சரித்திரம் உள்ள நாடு" என்பார். ஒருநாள் தொழிற்சாலை இடைவேளையில் ஒரு டெனிஷ்காரர் சித்தப்பாவிடம், ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன் இந்த யூட்லாந்துப் பக்கத்திலிருந்து வள்ளம் ஏறிப் போனவர்களும் சேர்ந்துதான் இங்கிலாந்துக்காரர் ஆனார்கள் என்று சொல்லிவிட்டார். சித்தப்பா வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, உங்கட வெள்ளைக்காரன் இஞ்சையிருந்து வந்த அகதி. வடிவா விசாரிச்சுப் பாருங்கோ."

பெரியப்பா சிரித்தாராம். வேறு யாராவது என்றால் ஒரு கடிதத்தோடு விட்டிருப்பார்கள். சித்தப்பா அந்த வள்ளக்காரரைப் பற்றி நாவல் எழுதத் தொடங்கினார். அவரை அன்றே யாராவது தடுத்திருக்கலாம்.

அவருக்குத் தெரிந்தது தொழிற்சாலைக்குப் போதுமான டெனிஷ்தான். இயந்திரத்தை நிறுத்து, காய்ச்சல், நாளைக்கு வருகிறேன் என்பதோடு அது முடிந்துவிடும். ஆங்கிலோ-சாக்சன் சரித்திரம் அதற்குள் அடங்காது. ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் என் வகுப்புப் பிள்ளைகள் கைப்பந்து விளையாடப் போகும்போது நான் நூலகத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டேன். தலையணைத் தடிப்பில் புத்தகங்கள். நான் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். அவர் கொப்பியில் எழுதுவார். "சாமிக்கு என்ன படைச்சவை? பொம்பிளையள் தலையை எப்பிடி வாரி இழுத்தவை?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். புத்தகத்தில் இல்லை என்றால், நான் ஒழுங்காகத் தேடவில்லை என்று அர்த்தம்.

போதாததற்குப் பழைய நம்பிக்கைகளும் வேண்டுமாம். டெனிஷ்காரர் ஒரு மரத்தின் வெள்ளைப் பூவில் பானம் காய்ச்சுவார்கள்; அந்த மரத்தில் ஒரு பெண் ஆவி குடியிருப்பதாகவும் அவளைக் கேட்காமல் கிளை முறிக்கக் கூடாது என்றும் இங்கே ஒரு பழங்கதை உண்டு. பக்கத்து வீட்டு டெனிஷ் அம்மாவின் வேலியில் அந்த மரம் நின்றது. மரத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு வரும்படி சித்தப்பா என்னை அனுப்பினார். கேட்டேன். அந்த அம்மா அதன் பிறகு என் தாயைக் காணும்போதெல்லாம் என் சுகத்தைப் பற்றிக் கவலையோடு விசாரித்தார்.

எனக்குப் பத்து வயதில் ஒரு சனிக்கிழமை, புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். வள்ளம் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு அந்த மக்கள் கும்பிட்ட மண் தெய்வத்தைப் பற்றி ரோமாபுரிக்காரர் ஒருவர் எழுதி வைத்த குறிப்பு அது. அவளுடைய பெயரை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா யோசிக்காமல் "அம்மன்" என்று எழுதிக்கொண்டார். அம்மனுக்கு ஒரு வண்டி, அது துணியால் மூடியிருக்கும், பசுக்கள் இழுக்கும். அவள் ஊர்வலம் வரும் நாட்களில் ஆயுதங்களைப் பூட்டி வைப்பார்கள், சண்டை கிடையாது.

"இது தேரெல்லோ!" என்று சித்தப்பா கத்தினார். நூலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு தொடர்ந்தேன். ஊர்வலம் முடிந்ததும் வண்டியையும் அம்மனையும் ஒரு குளத்துக்குக் கொண்டுபோய் அடிமைகள் குளிப்பாட்டுவார்கள். "தேருக்கு அடுத்த நாள் தீர்த்தம்! அப்பிடியே எங்கட கோயில்!" அவருடைய பேனா பறந்தது. "பிறகு?"

பிறகு என்ன நடந்தது என்பது புத்தகத்தில் ஒரே வரியில் இருந்தது. குளிப்பாட்டிய அடிமைகளை அதே குளம் உடனே விழுங்கிவிடும். அதாவது, அவர்களைத் தண்ணீருக்குள் அமத்தித் தாட்டுவிடுவார்கள்.

அன்று இரண்டு மணிக்கு என் சிநேகிதி வீட்டில் பிறந்தநாள். தோட்டத்தில் குதிக்கிற பெரிய வலை போட்டிருந்தார்கள். நேரம் ஒன்றரை. தாட்டார்கள் என்று நான் சொன்னால் யார் தாட்டது, எப்படித் தாட்டது, கையைக் கட்டியா கட்டாமலா என்று இன்னும் ஒரு மணித்தியாலம் போகும். இந்த மனிதரை எனக்குத் தெரியும்.

"பிறகு சாப்பிட்டிட்டு வீட்ட போச்சினம்" என்றேன். தீர்த்தம் முடிந்தால் எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள்.

"எல்லாருமோ?"

"ஓம், ஓம், எல்லாரும்" என்று புத்தகத்தை மூடினேன்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. சித்தப்பா நான் சொன்ன அந்த ஒரு வரியை வைத்து ஒரு முழு அத்தியாயம் எழுதிவிட்டார். ஈர உடுப்போடு நடுங்கிக்கொண்டு அந்தப் பெடியன்கள் ஒவ்வொருவராக வீடு போய்ச் சேர்கிறார்கள். ஒருவனுக்குத் தாய் தலை துவட்டி விடுகிறாள். இன்னொருவனை அவனுடைய நாய் மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறது. அதை வரவேற்பறையில் இருந்து அவர் வாசித்தபோது, அவருடைய எழுத்தை ஒருநாளும் மதிக்காத அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இது நல்லாயிருக்கு" என்றார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைத்தேன். ஒவ்வொரு கிழமையும் அவர் இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருப்பார்.

அடுத்த வருடம் பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் ஒரு மண்டபம் எடுத்து வெளியீட்டு விழா வைத்தார்கள். மங்கல விளக்கு, பொன்னாடை, ரோல்ஸ், தேநீர். சிறப்புரைக்கு லண்டனிலிருந்து பெரியப்பா. மனிதர் சும்மா வரவில்லை. அங்கே நூலகத்தில் இருந்து படித்துவிட்டு, தாளில் குறித்துக்கொண்டு வந்திருந்தார்.

"தம்பி கனக்க ஆராய்ச்சி செய்து எழுதினவராம்" என்று ஒலிவாங்கியில் தொடங்கினார். "ஆனா சரித்திரத்தில அந்த அடிமையள் ஒருத்தரும் வீட்ட போகேல்லை. குளிப்பாட்டின கையோட குளத்துக்க அமத்திப் போட்டாங்கள். என்ர தம்பி அவையளுக்குச் சோறும் குடுத்து அனுப்பி வைச்சிருக்கிறார்!"

மண்டபம் சிரித்தது. நான் கதிரைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். சித்தப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து ஒலிவாங்கியை வாங்கி, "பிழை என்ரதுதான். எனக்கு டெனிஷ் காணாது" என்றார். இன்னும் கூடச் சிரித்தார்கள். இரண்டு வருட உழைப்பு அந்த ஒரு சிரிப்போடு போனது. முன்பதிவு செய்தவர்கள்கூட அன்று புத்தகத்தை வாங்காமல் ரோல்ஸை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

திரும்பும்போது சித்தப்பாவின் காரில் நானும் அவரும் விற்காத பெட்டிகளும்தான். பாதி வழியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பொய் சொன்னேன், பிறந்தநாளுக்கு நேரமாகிவிட்டது, அதனால்தான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். "பிறந்தநாளுக்கு நேரத்துக்குப் போனியோ?" என்று மட்டும் கேட்டார்.

"இரண்டாம் பதிப்பில திருத்தலாம், சித்தப்பா. நான் திருப்பி ஒழுங்கா வாசிச்சுச் சொல்லுறன்."

"வேண்டாம் பிள்ளை. அவங்கள் வீட்ட போனமாதிரியே இருக்கட்டும்."

எனக்கு எரிச்சல் வந்தது. நான் இவ்வளவு அழுது உண்மையைச் சொன்ன பிறகும் பிழையைப் பிழையாகவே விடுவது என்ன பழக்கம்? ஏன் என்று கேட்டேன்.

அவர் பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடேக்க கிளாலிக் கடல்ல வள்ளம் தரை தட்டிப் போச்சு. அஞ்சு பெடியள் இடுப்பளவு தண்ணிக்க இறங்கித் தள்ளிவிட்டவங்கள். நேவி சுட்டுக்கொண்டு வந்தது. நாங்கள் வந்திட்டம். அவங்கள் அங்கயே நிண்டவங்கள். வீட்ட போய்ச் சேந்தாங்களோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது."

"அப்ப டெலிபோன் எடுத்துக் கேளுங்கோவன்" என்றேன்.

"ஆரைக் கேக்கிறது? பேர் ஒண்டும் தெரியாது, குஞ்சு."

எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்தியவர்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டு என் சனிக்கிழமைகளையெல்லாம் தின்ற மனிதர், தன்னைத் தள்ளிவிட்ட ஐந்து பேரிடம் ஒரு பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லையே என்று நினைத்தேன். நினைத்ததோடு விடவில்லை. வீடு வந்து சேரும்வரை அதைச் சொல்லிச் சொல்லி அவரை ஏசிக்கொண்டே வந்தேன்.